கதவிலிருந்து கூரைக்குப் போன சைரன்

என் வீட்டுக்காரருக்கு ஒரு சாமான் பழுதாகிக் கிடந்தால் சோறு இறங்காது. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் தூக்கம் வராது. ஹட்டனில் ரேடியோ, டீவி திருத்தும் கடையில் வேலை. கல்யாணமாகி நான் கொத்மலைப் பக்கத்திலிருந்து, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய இவருடைய லயத்துக்கு வந்தபோது, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் முதலில் பழகிக்கொண்டது வயர்களைத் தாண்டி நடப்பதைத்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், டவுனில் ஒருவர் வீட்டு அலாரத்தை மாற்றினார். கழற்றிய பழைய செட்டைக் கடையில் போட்டுவிட்டுப் போனார். கதவில் பொருத்துகிற காந்தம், ஒரு பெட்டி, ஆம்புலன்ஸ் மாதிரி அலறும் சைரன். எல்லாம் எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் கலர் டீவி வாங்கியிருந்தோம். பகலில் இவர் கடையில். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்குக் காவல் வேண்டுமாம்.

காவலோடு விட்டாரா? "அலாரம் மட்டும் இருந்தா அது வெறும் கத்துற பெட்டி. வீட்டோட சேத்து விட்டாத்தான் அதுக்கு மூளை" என்றார். வெளிநாட்டு வீடுகள் தாமாகவே விளக்குப் போட்டுக்கொள்ளும் என்று ஏதோ சஞ்சிகையில் படித்திருக்கிறார். ஒரே வாரத்தில் எங்கள் காம்பராவும் வெளிநாடு போனது. கதவைத் திறந்து பத்து செகண்டுக்குள் கலண்டருக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் சைரன் அலறும், நடு பல்பு எரியும், ரேடியோ முழுச் சத்தத்தில் பாடும். ரேடியோ எதற்கு என்று கேட்டேன். உள்ளே ஆள் இருப்பதாகத் திருடன் நினைப்பானாம். சைரன் அலறும்போது உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற ஆள் யார் என்று கேட்டபோது, அடுத்த வயரைச் சீவ ஆரம்பித்தார். லயத்தில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. "சொன்னா திருடனுக்கும் தெரிஞ்சிரும்." பூட்டையும் கழற்றி வைத்துவிட்டார். மூளை உள்ள வீட்டுக்குப் பூட்டு அவமானமாம்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூறல் விழுந்தால், அந்த நேரம் யார் லயத்தில் இருக்கிறார்களோ அவர்கள் கொடியில் கிடக்கும் எல்லார் துணியையும் அள்ளி, அவரவர் காம்பராவைத் திறந்து கட்டிலில் போட்டுவிடுவார்கள். யாரும் கேட்பதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. நனைந்த துணி காய மூன்று நாளாகும் ஊரில் இது பெரிய உதவி. எங்கள் துணியை எடுப்பது அநேகமாகப் பக்கத்துக் காம்பரா அக்கா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். நான் புதுப்பெண்ணாக வந்த அன்று அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது, "தங்கச்சி, தள்ளு" என்று என்னை நகர்த்திவிட்டு ஊதி எரியவைத்தவர். அந்த லயத்தில் எனக்குத் தாய்வீடு என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

அலாரத்தைப் பொருத்தும்போது இந்த வழக்கம் எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில் வரவில்லை. இவருக்கு வராது. எனக்காவது வந்திருக்கலாம்.

ஒரு மத்தியானம் ஐந்தாம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூறல் போட்டது. கொஞ்ச நேரத்தில் மேலே லயத்திலிருந்து சைரன். வெண்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த சனமெல்லாம் எங்கள் வாசலில் கூடியிருந்தது. உள்ளே யார் என்றுகூடப் பார்க்காமல், "எந்தக் கள்ளன் உள்ள பூந்தான்? புடிச்சிட்டீங்களா?" என்று கத்தினேன். கூட்டம் விலகியது. எரிகிற பல்புக்குக் கீழே, ரேடியோ பாட, இரண்டு கையிலும் எங்கள் துணியோடு அக்கா நின்றிருந்தார்.

அவரைத் தாண்டிப் போய்த்தான் சுவிட்சை அமுக்க வேண்டியிருந்தது. சத்தம் நின்றதும் வாசலில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. துணியைக் கட்டிலில் வைத்தார். கீழே விழுந்த ஒரு சட்டையை எடுத்து உதறி, அதையும் வைத்தார்.

"எண்ணிப் பாத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் தங்கச்சி இல்லை, டீச்சர். மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் போனேன். "அட, அதுல என்னாங்க டீச்சர்" என்று சிரித்தபடியே கதவைப் பாதி சாத்தினார். மழை வந்தால் லயத்துத் துணியெல்லாம் உள்ளே போகும். எங்களுடையது மட்டும் கொடியில் தனியாக நனையும். கேட்டால், மணி அடிச்சிருமே என்பார்கள். நான் பாதி காய்ந்த சேலையோடு பள்ளிக்கூடம் போனேன். ஈரம்கூடப் பரவாயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பேசுவது கேட்கும், என்னைக் கூப்பிடமாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் இவர் மேல் பாய்ந்தேன். "கதவுல இருக்கிறத மொதல்ல கழட்டுங்க! ஒங்க பெட்டிக்கு மூளை இருக்குன்னா, மழை வருதுன்னு சொல்லச் சொல்லுங்க!"

ஆத்திரத்தில் சொன்னது. மனிதர் கோபித்துக்கொள்ளாமல் பென்சிலைத் தேடினார்.

கதவுக் காந்தம் கழன்றது. கூரைத் தகரத்தின் மேல், செம்புக் கம்பிகளை நெருக்கமாக ஒட்டிய ஒரு பலகை ஏறியது. கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் பட்டால் அதே சைரன், அதே பல்பு, அதே ரேடியோ. ரேடியோவை விட மனசில்லை. முதல் வாரம் பனிமூட்டத்துக்கெல்லாம் அலறியது. எங்கள் ஊரில் பனிமூட்டம் இல்லாத நேரம் எது? லயமே ஓடிவந்து, காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்து, இவரைத் திட்டிவிட்டுப் போனது. இவர் கூரைக்கு ஏறி ஏறி இறங்கினார். கடைசியில் பெட்டி நிஜத் துளிக்கு மட்டும் அடிக்கப் பழகியது. லயத்துக்கும் அது பிடித்துப்போனது. ஆனால் எங்கள் கதவில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் யாரும் நம்பவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், சைரன். எல்லாரும் மலையில் கொழுந்தெடுக்கிற நேரம். லயத்தில் நான் ஒருத்திதான். கொடி நிறையத் துணி. அள்ளி அள்ளி ஒவ்வொரு காம்பராவாகத் திறந்து போட்டேன். கடைசியில் அக்காவுடையது. அந்தக் கதவை நான் தொட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. முழங்கையால் கொண்டியைத் தள்ளி உள்ளே போய், கை நிறையத் துணியோடு எங்கே வைப்பது என்று நிற்கிறேன். வாசல் இருட்டியது. சைரன் கேட்டுப் பக்கத்து மலையிலிருந்து ஓடிவந்த அக்கா, முதுகில் கூடையோடு நின்றிருந்தார்.

"அக்கா... மழை..." என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த அவர் துணியைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்து, கழுத்தை நீட்டி, அந்தச் சைரனை வாயாலேயே ஊதினார். ஊஊஊ என்று. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

"கள்ளி! கள்ளி பூந்துட்டா! ஓடியாங்கடி, புடிங்கடி!"

பின்னால் ஓடிவந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகைதான் வந்தது. கையை எடுக்க வழியில்லாமல் அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"அழுவாதடி தங்கச்சி" என்றார் அக்கா. "காஞ்ச துணி நனையுது."