ஆட்குறைப்புக்குக் காத்திருந்தவள்

வெர்லா ஷ்ராக்கும் அவள் கணவன் டெல்மரும், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே வைத்த வீட்டு வண்டி ஒன்றை வாங்கி மூன்று கோடை ஆகிவிட்டது. மூன்று கோடையிலும் அது வாசலை விட்டு நகரவில்லை.

வண்டி வாங்குகிறவர்கள் முதல் ராத்திரியை வீட்டு வாசலிலேயே அதற்குள் படுத்துக் கழிப்பது அங்கே வழக்கம். குழாய் ஒழுகுகிறதா, அடுப்பு பற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு மறுநாள் கிளம்பிவிடுவார்கள். இவர்கள் கிளம்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையலறைக் கதவைத் திறந்து, நாலு எட்டு நடந்து, வண்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கி சர்ச்சுக்குப் போவார்கள்.

எதிர்வீட்டுக்காரன் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்துவான்.

"என்ன டெல்மர், இந்த வாரம் எந்த ஊரு?"

"யெல்லோஸ்டோன் மலைக்காடு."

"கரடி கிரடி வந்துச்சா?"

"வந்துச்சு. உன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பி ஓடிருச்சு."

டெல்மர் சிரிப்பான். வெர்லா சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கம் என்றால் எங்காவது வலிக்க வேண்டும்.

அமெரிக்காவில், வட இண்டியானாவில் அவர்கள் இருந்த பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது வீட்டு வண்டி கட்டுகிற வேலைக்குப் போவார். வெர்லாவின் வேலை சுவர். சட்டத்தின் மேல் பலகையை வைத்து, ஆணித் துப்பாக்கியை அழுத்திக்கொண்டே போக வேண்டும். இன்றைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு. முடித்தால் மத்தியானமே ஆனாலும் வீட்டுக்குப் போகலாம். அதனால் அங்கே யாரும் நடப்பதில்லை, எல்லோரும் ஓடுவார்கள். ஓடி ஓடி முழங்கால் போகும், மணிக்கட்டு போகும். வெர்லாவுக்கு வலக்கை விரல்கள் மூன்று மரத்துப்போயிருந்தன. காபி கோப்பை சுடுகிறதா என்று இடக்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். ஊர் சுற்றுகிற வண்டியைக் கட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டே வாரம் விடுமுறை, அதுவும் தொழிற்சாலை மூடுகிறபோது, கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று.

வெர்லா சீக்கிரமே வேலையை விட்டுவிட, இருவரும் மேற்கே மலைகளைப் பார்க்கப் போக வேண்டும் என்பது டெல்மரின் ஆசை. அவன் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்ததும் பேருந்துச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட்டால் இருக்கிற பார்வை நிற்கும். போடாவிட்டால் போகும். அந்த ஊசிக்குப் பணம் கட்டியது வெர்லாவின் வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடு. அறுபத்தைந்து வயதானால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். டெல்மருக்கு இந்த மூன்றாவது வருஷத்தில்தான் அறுபத்திரண்டு ஆகியிருந்தது.

ஆக, அவள் வேலையில் இருந்தால் அவனுக்குக் கண் இருக்கும், பார்ப்பதற்கு அந்தத் தொழிற்சாலை ஊரைத் தவிர வேறொன்றும் இருக்காது. அவள் வேலையை விட்டால் பார்க்க மலை இருக்கும், கண் இருக்குமா என்று தெரியாது. உலகத்திலேயே பணக்கார நாடு தன் குடிமகனின் கண்ணை அவன் மனைவியின் ஆணித் துப்பாக்கியில் கட்டி வைத்திருந்தது. இதை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. சலுகை என்று சொன்னார்கள்.

சர்ச்சில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இவர்களுக்காக ஜெபித்தார்கள். "கர்த்தர் தம்முடைய வேளையைக் காட்டுவார்" என்றார் போதகர். டெல்மர் கண்ணை மூடி ஆமென் சொன்னான். வெர்லா கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். மறுநாள் காப்பீட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். வருமானம் குறைந்தவர்களுக்கு மலிவான காப்பீடு ஒன்று உண்டு, வேலையை விட்டால் அதை வாங்கலாம். அதில் டெல்மரின் கண் டாக்டர் சேர்த்தியா?

"இந்த வருஷம் இருக்கார் மேடம்."

"அடுத்த வருஷம்?"

"அது யாருக்கும் தெரியாதுங்க."

கர்த்தருக்கும் தெரியாதுபோல என்று நினைத்துக்கொண்டு அவள் தொலைபேசியை வைத்தாள்.

அப்போதுதான் அவள் அந்த ஊரில் அனுபவம் உள்ளவர்கள் செய்கிற தந்திரத்தைச் செய்யத் தொடங்கினாள். தானாக விலகினால் காப்பீடு மாதக் கடைசியோடு சரி. ஆட்குறைப்பில் அனுப்பினால் அவளுடைய தொழிற்சாலை அந்த ஆண்டு முடியும்வரை காப்பீட்டை நீட்டிக் கொடுக்கும். வசந்தத்தில் அனுப்பினால் கோடை முழுவதும் டெல்மரின் கண் பத்திரம். வீட்டு வண்டி வியாபாரம் பெட்ரோல் விலையைப் போல ஏறி இறங்குவது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களை அனுப்பாமல் இருக்க மாட்டார்கள். அதனால் அவள் முடிவெடுப்பதை விட்டுவிட்டாள். தொழிற்சாலையே தனக்காக முடிவெடுக்கட்டும் என்று காத்திருந்தாள். மற்றவர்கள் எதை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தார்களோ, அதை அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் காத்திருக்கும்போதும் கை சும்மா இருக்கவில்லை. பழக்கம். எல்லோரையும்விட வேகமாகத்தான் சுவரடித்தாள்.

மூன்றாவது வசந்தத்தில் தொழிற்சாலைக்குப் பின்னால் விற்காத வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை, மேஸ்திரி ட்ரென்ட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக அட்டைப் பெட்டி கொடுத்தான். வெர்லா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். ட்ரென்ட் அவளைத் தாண்டிப் போனான். பக்கத்தில் சுவரைத் தூக்கிப் பிடிக்கிற ராக்ஸான் கையில் பெட்டியைக் கொடுத்தான்.

ராக்ஸானுக்கு வீட்டில் படுக்கையில் கிடக்கிற அப்பா இருந்தார். போன குளிர்காலத்தில் சுவர் சரிந்து அவளுக்குத் தோள் கிழிந்துபோயிருந்தது.

வெர்லா ட்ரென்டின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"அவளுக்குப் பதிலா என்னைய அனுப்பு."

ட்ரென்ட் நிமிர்ந்து பார்த்தான். "என்ன வெர்லா, காலைல சாப்புடலயா?"

"நெஜமாத்தான் சொல்றேன். அவளுக்கு வேலை வேணும். எனக்கு வேணாம். பெட்டிய என் கைல குடு."

"ரெண்டு ஆளு வேலைய ஒருத்தியா பாக்குறவ நீ. உன்ன அனுப்பிட்டு நான் மேல போய் என்ன சொல்றது? ஆளு குறைஞ்சா இருக்குறவங்கதான் ஓடணும். ஓடுறதுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"அவ என்ன தப்பு பண்ணா?"

ட்ரென்ட் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "தோளுக்குப் பணம் கேட்டு எழுதிக் குடுத்தாள்ல. நான் இத சொல்லல, நீ கேக்கல. போ, சுவரு நிக்குது பாரு."

கிழிந்த தோளுக்கு மருந்துச் செலவு கேட்டவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மரத்த விரலைப் பற்றி வாய் திறக்காதவளை வைத்துக்கொண்டார்கள். போக விரும்பியவளுக்குப் போக வழியில்லை. இருக்க விரும்பியவளுக்கு இருக்க இடமில்லை. இதற்கெல்லாம் ஆட்குறைப்பு என்று ஒரே பெயர்.

வெர்லா திரும்பிப் போய் அன்றைய கணக்கை முடித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பலகை, ஆணி, பலகை, ஆணி. தான் வேகமாக அடித்த ஒவ்வொரு சுவரும் தன்னைச் சுற்றித்தான் எழும்பியிருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ இறந்த செய்தி மாதிரி தெரிந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் ராக்ஸான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, எனக்கு வேலை போயிருக்கு, உன் மூஞ்சி ஏன் இப்டி இருக்கு?"

"எனக்குப் போகலயே."

ராக்ஸான் புகையை விழுங்கி இருமிச் சிரித்தாள். "பைத்தியம்டி நீ. லட்டு மாதிரி வேலைய வச்சுக்கிட்டு."

"அந்தச் சுவரு சரிஞ்சப்ப நான் பாத்துட்டு இருந்தேன். அதத் தாங்குற கொக்கி ரெண்டு நாளாவே உடைஞ்சு கெடந்துச்சு. எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்றேன்."

"இங்க வேலை பாத்துக்கிட்டேவா? நாளைக்கே உனக்கும் பெட்டி குடுத்துருவான்."

"அதத்தான் கேட்டேன். தர மாட்டேங்குறான்."

இந்த முறை ராக்ஸான் சிரிக்கவில்லை. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தாள். "என்னைக்குச் சொல்றன்னு சொல்லு. வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"வெள்ளிக்கிழமை. அன்னைக்கு எனக்கு வேலை இருக்காது."

அதைச் சொன்ன பிறகுதான், தான் முடிவெடுத்துவிட்டது வெர்லாவுக்குத் தெரிந்தது. நெஞ்சு படபடக்கிறதா என்று கவனித்துப் பார்த்தாள். இல்லை.

வீட்டில் டெல்மர் தக்காளியை விரலால் தடவிப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமையோட நின்னுடறேன்" என்றாள்.

கத்தி நின்றது. "அனுப்பிட்டாங்களா?"

"இல்ல. நானாத்தான்."

"அப்ப காப்பீடு? இன்னும் கொஞ்சம் பொறுத்தா கர்த்தர்..."

"மூணு வருஷம் பொறுத்தாச்சு டெல்மர். யாரும் எதுவும் காட்டல. மாசக் கடைசிக்குள்ள இந்த ஊசியப் போட்டுடலாம். அடுத்த மாசத்துல இருந்து மலிவுக் காப்பீடு. இந்த வருஷமும் கேட்டுட்டேன், டாக்டர் அதுல இருக்காரு."

"அடுத்த வருஷம் இல்லன்னா? நான் குருடாயிட்டா?"

அவள் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி மீதித் தக்காளியை நறுக்கினாள். "ஆகலாம். இங்கயே உக்காந்திருந்தாலும் ஆகலாம். ஊசி போட்டாலும் போகலாம்னு டாக்டர் சொன்னத நீயும்தானே கேட்ட."

அவன் மேசையைத் தடவி ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தான். பிறகு, "ரொட்டிய நான் சுடுறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் வக்கீல் முன்னால் உட்கார்ந்து கொக்கியைப் பற்றிச் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மாதக் கடைசியில் டெல்மருக்கு ஊசி போட்டார்கள். மருத்துவமனைப் பெண் அடுத்த ஊசிக்கு ஐந்து வாரம் தள்ளி நாள் குறித்தாள். பிக்கப் டிரக்கின் பின்னால் வீட்டு வண்டியைப் பூட்டி, மருத்துவமனை வாசலிலிருந்தே கிளம்பினார்கள். வெர்லாதான் ஓட்டினாள். டெல்மர் ஒரு கண்ணைப் பஞ்சால் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எது வரைக்கும் போலாம்?"

"அஞ்சு வாரத்துல பாதி போறதுக்கு, பாதி திரும்பி வர்றதுக்கு."

"மலை வந்துருமா?"

"வந்துரும். முதல் மலையாவது வரும்."

"கிட்டப் போகணும் வெர்லா. சாலையில நின்னு அதோ பாருன்னு காட்டுனா எனக்குத் தெரியாது."

"சரி, கிட்டயே போலாம்" என்றாள் அவள். மேற்கே திரும்பும் சாலைக்கு மாறுவதற்காகக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.