மூன்று மகன்கள் என்று அச்சிட்டேன்

2023 மார்ச் 12, ஞாயிறு, காலை பத்து இருபது. கண்டிக்கு அருகே கலஹாவில் சாரல். பதினோரு வருடம் நான் நடத்திய உள்ளூர் வாரப் பத்திரிகையின் வரலாற்றை எழுத, மிஞ்சியிருந்த ஒரே தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் நனைந்தபடி வந்து தன் அப்பாவின் மரண அறிவித்தலைக் கேட்டார். எடுத்துக் காட்டினேன்.

"மகன்மாரு மூணு பேருன்னு போட்டிருக்கீங்க. நாலாவது நான் எங்க ஐயா?"

"உங்க பெரியண்ணன் எழுதிக் குடுத்ததத்தான் போட்டேன் தம்பி."

"இதக் காட்டித்தான் அவன் என்னைய வீட்ட விட்டு வெரட்டிட்டான். அப்ப நான் யாருக்குப் பொறந்தேன்? நீங்களே சொல்லுங்க!"

உட்காரப் போட்டிருந்த கதிரையைத் தூக்கினார். தொகுப்பைக் காப்பாற்ற அதன்மேல் வலது கையை விரித்தேன். மூன்று அடி. இரண்டாவதிலேயே எலும்பு முறியும் சத்தம் கேட்டது. ரத்தம் பட்ட அந்தத் தாளை மட்டும் கிழித்துக் கசக்கி, என் வாயில் திணித்துவிட்டுப் போனார்.

பொலிசுக்குப் போகும்படி மகள் கத்தினாள். நான் போகவில்லை. அந்தச் சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். மொட்டையடித்து நின்ற மகன்களை எண்ணினேன், நான்கு பேர். அறிவித்தலுக்குக் காசு கொடுத்தவர் மூத்த மகன் என்பதால், மூன்று என்றே அச்சிட்டேன்.

கண்டியில் தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களுக்குக் கம்பி வைத்தார்கள். அறுபத்து நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். நானே கட்டினேன்.