லுணுகலை இறக்கம்: ஏறத்தான் பயந்தோம்

மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் சைக்கிள் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. பிபிலையில் இருந்து லுணுகலைக்குச் சைக்கிளில் போக யோசிக்கிறீர்களா? கட்டாயம் போங்கள். ஆனால் இதை முழுக்க வாசித்துவிட்டுப் போங்கள். செலவையும் தூரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

நான் கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். றிஸ்வி மச்சான் என் தங்கச்சி பஸ்மியாவின் மாப்பிள்ளை, மாவடிப்பள்ளியில் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறார். இரண்டு பேருக்கும் சைக்கிள் பைத்தியம். ஆனால் எங்கள் மெயின் வீதியில் சைக்கிள் ஓடுவதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் ஓட்டோ, நடுவில் மாடு. வாகனமே இல்லாத மலை வீதியில் ஒருநாளாவது ஓடிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். இந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை அதற்கு நேரம் வந்தது. வயல் வெட்டு முடிந்து மச்சான் சும்மா இருந்தார். அடுத்த போக விதைப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். அதனால் ஒரு மாதமாகக் கடற்கரை வீதியில் எதிர்க்காற்றில் மிதித்துப் பழகினோம். இறக்கத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சைக்கிளை நிறுத்த எங்கள் ஊரில் காலைக் கீழே ஊன்றினால் போதும். பிரேக் என்பது மணி மாதிரி, இருந்தால் இருக்கட்டும் என்று விட்ட சாமான்.

சுபஹு தொழுதுவிட்டு ஐந்தரைக்குச் சம்மாந்துறையில் ஓர் அரிசி லொறியில் ஏறினோம். சைக்கிள் இரண்டையும் மூட்டைகளுக்கு மேல் கட்டியாயிற்று. அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை வழியாகப் பிபிலை கிட்டத்தட்ட நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தோம்.

"ரோட்டுல ஓடத்தானே சைக்கிள்? அத லொறியில ஏத்திட்டு எங்க போறீங்க?" என்று லொறிக்காரர் சிரித்தார்.

"ஊருல ரோட் இருக்கு காக்கா, ஓட இடம்தான் இல்ல" என்றார் மச்சான். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

ஒன்பது பத்துக்குப் பிபிலை. ஒரு கடையில் பரோட்டாவும் மாட்டுக் கறியும் சாப்பிட்டு, ஒன்பது நாற்பதுக்கு மிதிக்கத் தொடங்கினோம். என் சைக்கிள் மீற்றரில் லுணுகலை வரை 25.8 கிலோமீற்றர். முதல் ஒரு மணித்தியாலத்தில் எங்களைத் தாண்டிப் போன வாகனங்களை எண்ணினேன். ஏழு. கல்முனைச் சந்தியில் ஏழு வாகனம் போக ஏழு விநாடி போதும். முதலில் இறப்பர் மரங்கள், பிறகு மிளகுக் கொடி, அதற்கு மேலே தேயிலை. ஒரு திருப்பத்தில் மச்சான் சைக்கிளை நிறுத்தி விரலால் காதைக் குடைந்தார்.

"மச்சான், எனக்குக் காது அடைச்ச மாதிரிக் கிடக்கு."

"அடைக்கல்ல. சத்தம் இல்ல, அவ்வளவுதான்."

அவருக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான். முப்பத்தொன்பது வயது வரை நான் ஹோர்ன் சத்தம் கேட்காத ஒரு வீதியில் நின்றதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினோம். கடைசி மூன்று கிலோமீற்றரில் மழை பிடித்தது. இரண்டு பத்துக்கு லுணுகலை போய்ச் சேரும்போது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். முன்கூட்டியே பேசி வைத்த அறை, காலை ரொட்டி சம்பலோடு நாலாயிரத்து ஐந்நூறு. மச்சான் காலை நீட்டிப் படுத்தவர் எழும்பவே இல்லை.

இனித்தான் நான் செய்த வேலை.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று இரும்பை விடாது. நான் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிந்து வந்து சைக்கிளைத் துடைப்பேன். பாதி தேங்காயெண்ணெய், பாதி மண்ணெண்ணெய், ஒரு பழைய துணி. அந்தப் போத்தலை மலைக்கும் கொண்டு போயிருந்தேன். மழையில் நனைந்த இரண்டு சைக்கிளையும் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? பின்னேரம் ஐந்து மணிக்கு விறாந்தையில் உட்கார்ந்தேன்.

"விடுங்க மச்சான், நாளைக்கு நான் துடைக்கிறன்" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"நீங்க கால நீட்டிட்டுக் கிடங்க" என்றேன்.

என்னுடையது டிஸ்க் பிரேக் சைக்கிள். டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாது என்று வாங்கும்போதே சொல்லித் தந்திருந்தார்கள். அதைத் தொடாமல் மற்ற இடமெல்லாம் துடைத்தேன். மச்சானுடையது பழைய சைக்கிள். பிரேக் றப்பர் சக்கரத்தின் றிம்மைப் பிடித்துத்தான் நிறுத்தும். அவர் றிம்மில் அங்கங்கே துரு. அதற்கென்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, இரண்டு சக்கரத்தையும் பளபளவென்று தேய்த்து வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு கையைக் கழுவினேன்.

ஞாயிறு காலை ஏழு ஐந்துக்குத் திரும்பிப் பிபிலைக்கு வெளிக்கிட்டோம். முதல் இரண்டு கிலோமீற்றர் பெரும்பாலும் சமதரை, பிரேக்கைத் தொட வேலையில்லை. அதன் பிறகு வீதி சரேலென்று விழுந்தது. நான் முன்னால். மீற்றரில் முப்பது தாண்டியபோது மச்சான் என்னைக் கடந்து போனார்.

"பரிசா தரப் போறாங்க? மெதுவாப் போங்க" என்று பகிடியாகக் கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. "மச்சான், புடிக்குதில்ல" என்றார். கத்திக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார். அப்போதுதான் அவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டு கையும் பிரேக்கை முழுக்க இறுக்கியிருந்தன. வலது சப்பாத்து தார் வீதியில் உராய்ந்துகொண்டே போனது. என் மீற்றரில் நாற்பத்து மூன்று. வீதி இடப்பக்கம் திரும்பியது. மச்சான் திரும்பவில்லை. நேரே போனார். பிறகு அங்கே ஆள் இல்லை.

யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ்மியாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கீழே தேயிலைக்குள் மூன்று பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேருமுன் அவர்கள் மச்சானிடம் போய்விட்டார்கள்.

"கத்தாதீங்க சேர். ஆளு பேசுறாரு" என்றார் ஓர் அக்கா. "தூக்காதீங்க. தோளு ஒடஞ்சிருக்கு."

அவரே இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து மச்சானின் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். நெற்றியில் இரத்தம். தேயிலைச் செடிகள்தான் ஆளைத் தாங்கியிருந்தன. விழுந்த இடத்தில் இருந்து நாலடி தள்ளி வெறும் கருங்கல். அதைப் பார்த்ததும் நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மச்சான்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"எனக்குப் பிரேக் புடிக்கத் தெரியல்ல மச்சான். பயந்துட்டன் போல."

இருபது நிமிடத்தில் ஓர் ஓட்டோ வந்தது. மச்சானை ஏற்றிவிட்டு, ஓட்டோக்காரத் தம்பி கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி வந்தார். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. றிம்மில் விரலை வைத்து இழுத்து, ஓட்டோவுக்குப் பின்னால் நின்ற என்னிடம் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். விரல் நுனி கறுப்பாக மினுங்கியது.

"இதுல எண்ணெய் பூசுனது யாரு சேர்?"

எண்ணெய் உராய்வைக் குறைக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற ஆள் நான். டிஸ்க்கில் படக்கூடாது என்று தெரிந்த எனக்கு றிம்மில் படக்கூடாது என்று மண்டையில் ஏறவில்லை.

"தெரியாது" என்றேன்.

அந்தத் தம்பி என்னை ஒருமுறை பார்த்தார். விரலைத் துணியில் துடைத்துவிட்டு ஓட்டோவை எடுத்தார்.

காறை எலும்பு முறிவு. நெற்றியில் ஆறு தையல். ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். விதைப்புக்கு இருந்தது பதினொரு நாள்.

ஊருக்கு வந்த பிறகு நடந்தது இதைவிட மோசம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மச்சான் ஒரே கதையைச் சொன்னார். "மச்சான் ஒழுங்கா இறங்கினார். எனக்குத்தான் மல ஓடத் தெரியல்ல." வந்தவர்கள் சிரித்தார்கள். "வயல் செய்றவருக்கு மல என்னத்துக்கு? ஒரு பிரேக் புடிக்கத் தெரியாதா?" என்று பஸ்மியா ஏசினாள். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். விதைப்புக்கு இரண்டு நாள் லீவு போட்டு அவர் வயலில் சேறு மிதித்தேன். இப்படி ஒரு மச்சான் கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். அந்தச் சேற்றுக்குள்ளேயே புதைந்து போகலாம் போலிருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் மச்சான் கூப்பிட்டார்.

"சைக்கிள வித்துப்போடுங்க மச்சான். இது நமக்குச் சரிவராது. அதுக்கு முன்ன உங்கட கையால ஒருக்கா எண்ணெய் போட்டுத் துடைச்சி விடுங்க. நல்ல விலைக்குப் போகும்."

நான் சொல்லிவிட்டேன். லுணுகலை விறாந்தை, துணி, றிம், ஓட்டோக்காரருக்குச் சொன்ன பொய், எல்லாவற்றையும். மச்சான் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப எனக்கு ஓடத் தெரியாம இல்ல."

"இல்ல மச்சான்."

"பஸ்மியாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா உங்களுக்காகக் கதைக்கிற மாதிரிப் போயிடும்."

போய்ச் சொன்னேன். எண்ணெய் பூசியதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "இவ்வளவு நாளும் அவர ஏசினன். நீங்க பார்த்திட்டுத்தானே இருந்தீங்க, காக்கா?" என்று கேட்டாள். அதோடு உள்ளே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வீதி நல்ல வீதி, அமைதியான வீதி. மழைக்கு முன் ஏறி முடிக்க வேண்டுமானால் பிபிலையில் காலை ஏழுக்கே தொடங்குங்கள், தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர் வேண்டும். எண்ணெயைச் சங்கிலிக்கு மட்டும் விடுங்கள். சைக்கிள் சட்டத்துக்கு ஈரத் துணி போதும். றிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் பட்டால் நன்றாகக் கழுவி, றப்பரை மாற்றுங்கள். காலையில் ஏறி உட்காருமுன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் அசைந்தால் போகாதீர்கள். அதற்கு ஐந்து விநாடிதான் செல்லும். அன்று காலை படம் எடுக்க எனக்குப் பத்து நிமிடம் இருந்தது, இதற்கு ஐந்து விநாடி இருக்கவில்லை.

சைக்கிளை விற்கவில்லை. றிம்மைக் கழுவி, புது றப்பர் போட்டு நேற்றுப் பின்னேரம் கொண்டு போய்க் கொடுத்தேன். மச்சான் பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை. சட்டத்தில் கொஞ்சம் தூசி இருந்தது. பழக்கதோசத்தில் துணியை எடுக்கக் கை நீட்டினேன்.

"அத வைங்க மச்சான்" என்றார். "என்ட சைக்கிள இனி நானே துடைக்கிறன்."

ஒரு கை கட்டுப் போட்டபடி இருக்க, மற்றக் கையால் துடைக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.