அந்த ஹீட்டரை நிறுத்தச் சொன்னேன்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, ஒரு ஜனவரி மாதம். கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் ஒரு பழைய வாடகைக் கட்டடத்தின் நிலவறையில் மடிக்கணினியோடு குந்தியிருந்தேன். வெளியே பனிப்புயல். காலையிலிருந்து கட்டடத்தில் சூடு இல்லை. வெந்நீர்க் குழாய்களால் வீடுகளைச் சூடாக்கும் பொய்லரை இயக்கும் சிறிய பெட்டி எங்கள் நிறுவனம் செய்தது. அது சொல்லாமல் பொய்லர் எரியாது.

கோளாறு உடனே புரிந்தது. பெட்டிக்குள் இருக்கும் பிளாஷ் மெமரியில், எழுதியதன்மேல் அப்படியே திருப்பி எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுதவேண்டும். அழித்து அழித்து எழுதினால் அந்தப் பகுதி தேய்ந்துவிடும். எங்கள் மென்பொருளோ வெப்பநிலையை ஓயாமல் ஒரே இடத்தில் குறித்து, அந்த இடத்தைச் சாகடித்துவிட்டது. எழுதுவதை எல்லாப் பகுதிகளுக்கும் பகிர்ந்துவிடும் புது மென்பொருள் என்னிடம் இருந்தது. அதை ஏற்றப் பழையதை அழிக்கவேண்டும். அழிக்கும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மாற்றுப் பெட்டி கையில் கிடையாது.

பக்கத்தில் கட்டடத்தைப் பராமரிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் நின்றார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தமிழ்ப்பெண்ணும், சூடு எப்போது வரும் என்று கேட்கக் கைக்குழந்தையோடு இறங்கி வந்திருந்தாள்.

அழித்துப் புதியதை ஏற்றும் கட்டளையைக் கொடுத்தேன். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. அது வழமைதான். ஆனால் தலைக்கு மேலிருந்த விளக்கும் மங்கத் தொடங்கியது.

"எல்லா வீட்டிலயும் கரண்ட் ஹீட்டர் போட்டிருக்கினம் பிள்ளை," என்றார் அவர். "காலமையும் ஒருக்கா மெயின் பியூஸ் போனது."

இதை முதலிலேயே கேட்கத் தெரியாத என்னை நானே திட்டிக்கொள்ளவும் நேரமில்லை. எல்லா ஹீட்டரையும் நிறுத்தச் சொல்லுங்கோ என்று கத்தினேன். அந்தக் குளிரில் அப்படிக் கேட்க எனக்கே வாய் கூசியது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "எவ்வளவு நேரத்துக்கு அக்கா?"

"தெரியாது," என்றேன். கொஞ்ச நேரம்தான் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"சரி, நிப்பாட்டுறன். மற்ற வீட்டுக்காரருக்கும் சொல்லுறன்," என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். அவள் கதவு கதவாகத் தட்டி பிரெஞ்சில் கெஞ்சுவது கீழே கேட்டது.

நிலவறை விளக்கு பழையபடி எரிந்தது. பெட்டி மட்டும் செத்த மாதிரிக் கிடந்தது.

"ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாப்பமே பிள்ளை?" என்று அவர் பெட்டியின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நான் பாய்ந்து மறித்துக்கொண்டு நின்றேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டு முடித்த பிறகு, பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. பொய்லர் பற்றிக்கொண்ட சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நிலவறைக் குழாய்கள் சூடாகும்வரை இருந்துவிட்டு, அவளுக்கு நன்றி சொல்ல மூன்றாம் மாடிக்குப் போனேன். சூடு இன்னும் அங்கே ஏறியிருக்கவில்லை. மேலங்கிக்குள் குழந்தையைப் பொத்தி வைத்தபடி கதவைத் திறந்தாள். ஹீட்டரின் வயர் கழற்றியபடி தரையில் கிடந்தது.

"அக்கா, இனிப் போடலாமோ?" என்று கேட்டாள்.

பெட்டி உயிர்த்த சந்தோஷத்தில், இனிப் போடலாம் என்று சொல்லியனுப்ப நான் மறந்தே போயிருந்தேன். பெயர்கூடத் தெரியாத என் ஒரு சொல்லுக்காக அவள் அந்தக் குளிரில் காத்திருந்தாள். இன்றும் ஒரு மென்பொருளை அனுப்பும்போது, எங்கோ ஒரு வீட்டில் யாரோ என்னை நம்பிக் குளிரில் இருப்பார்களோ என்று நெஞ்சு பதைக்கிறது. அந்தப் பதைப்பு என்னைவிட்டுப் போகவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.