மூன்றாம் குழித் தெருவின் பனித்தகடு

அக்டோபர் கடைசியில், மேட்டுத் தெரு என்று ஊர் சொல்லும் மூன்றாம் குழித் தெருவின் ஏழு வீட்டுக் கதவுகளிலும் ஒரே மாதிரி மஞ்சள் காகிதம் செருகியிருந்தது. ஊரில் வீட்டு வாசல்களில் பனி தள்ளும் தொழில் செய்யும் டூவேன் பெலஞ்சர் எழுதியது. இந்தக் குளிர்காலம் முதல் மேட்டுத் தெருவுக்குத் தன் வண்டிகள் வராது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும் என்று இரண்டே வரி. வேறு ஆள் கிடையாது என்பது டூவேனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

ஐலா ருவோனவாரா காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவனுடைய கொட்டகைக்குப் போனாள்.

"என் வண்டியெல்லாம் பெருசு, ஐலா. உங்க தெருவுல ஒரு மாடு திரும்பணும்னாக்கூட பின்னாலதான் நடக்கணும்" என்றான் டூவேன். "போன வருஷம் ரெண்டு கண்ணாடி போச்சு எனக்கு."

"எதிர்வீட்டு மூரியலுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். போன பிப்ரவரியில நீ வராம ரெண்டு நாள் தவறிப்போச்சு. முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டிக் கெடந்தா. தெரியுமில்ல?"

"அதுக்கு நான் என்ன பண்ண? கீழத் தெருவுல குடி வரச் சொல்லு."

"சரி. நாங்களே தள்ளிக்கிறோம்."

"எதால? உன் பொம்மை வண்டியாலயா?"

கொட்டகையில் நின்றிருந்த இரண்டு ஓட்டுநர்களும் சிரித்தார்கள். ஐலா காகிதத்தை நாலாக மடித்து அவனுடைய காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பாய்லர் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். சேர்ந்த புதிதில், பொம்பளை ஆளுக்கு இது சரிப்படாது என்று தலைமை ஆசிரியர் மூன்று மாதத் தவணை கொடுத்தார். அந்தத் தலைமை ஆசிரியர் போய், அவருக்குப் பின் வந்த நால்வரும் போய், கடைசியில் பள்ளிக்கூடத்தையே மூடிய நாளில் வால்வைத் திருகி நெருப்பை அணைத்தவள் அவள்தான். கட்டினவன் வெகுநாள் முன்பே வேறு ஊர் பார்த்துப் போய்விட்டான். போகும்போது அவன் விட்டுப்போன வெல்டிங் கருவி கராஜில் இருந்தது. அவன் இருந்தபோதும் அதை அதிகம் கையாண்டவள் அவள்தான்.

அவளுடைய பிக்கப் வண்டி பதினான்கு வருஷப் பழசு. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. சின்னதுதான், ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். அதைத் தம்பி ரெய்னோவின் பட்டறைக்கு ஓட்டிப்போய், முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டப்போகும் விஷயத்தைச் சொன்னதும் அவன் கையைத் துடைத்த துணியைக் கீழே போட்டான்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? முன் அச்சு தாங்காது. ஸ்பிரிங் ஒரு வாரத்துல படுத்துரும்."

"இலேசான தகடுகூட இருக்காமே. ஆறரை அடி."

"இலேசுன்னா எவ்வளவு? கதவைத் திற, நிலையில ஒட்டியிருக்கிற சீட்டைப் படி. முன் அச்சு எவ்வளவு தாங்கும்னு எழுதியிருக்கு. தகட்டை மாட்டினா அதைத் தாண்டும். நான் கைவைக்க மாட்டேன்."

"கைவைக்க வேண்டாம். தாண்டுதா இல்லையான்னு எடை போட்டுப் பாத்துட்டா போச்சு."

"போடு போடு. நானும் வரேன், வேடிக்கை பாக்க."

காட்டில் வேட்டை முகாம் ஒன்றை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய தகடு கிடைத்தது. ஆனால் அதன் தாங்கிகள் வேறு வண்டிக்கானவை. ஐலா பிக்கப்பின் அடியில் மல்லாந்து படுத்து, மாதிரிக்கு அட்டையை வெட்டி வெட்டிப் பொருத்திப் பார்த்தாள். பம்பரில் மாட்டினால் முதல் மோதலிலேயே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வண்டியின் முதுகெலும்பான இரண்டு நீள இரும்புச் சட்டங்களையும் பிடிக்க வேண்டும். கனத்த இரும்புப் பலகையை வெட்டி, துளை போட்டு, இரண்டு பக்கத்துக்கும் தாங்கி செய்தாள். தகட்டைத் தூக்கும் பம்புக்கு பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்தாள். தூக்கிய தகடு முன்விளக்கை மறைத்ததால் இன்னொரு ஜோடி விளக்கை உயரத்தில் வைத்தாள். பன்னிரண்டு நாள் ஆனது. முழங்கை வரை கருப்பாகி, சவுனா நீராவி அறையில் எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண் வெளுக்கவில்லை.

எதிர்வீட்டு மூரியல் ஸ்பார்கோ தினமும் மத்தியானம் இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். "கீழேருந்து கால் மட்டும்தான் தெரியுது. உயிரோட இருக்கியாடி?" என்பாள்.

"தொணதொணக்காம அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு."

"இதுல பதினேழு எதுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் ஸ்பூன் மாதிரிதான் இருக்கு."

சரளைக் குவாரியில் எடைமேடை இருந்தது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி, தகட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஓட்டும் இடத்தில் ஐலா உட்கார்ந்தாள். ரெய்னோ சாளரத்தில் எட்டி எண்ணைப் பார்த்தான். எழுபது பவுண்டு கூடுதல்.

"நான் சொன்னேனா இல்லையா?" அவன் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. "கழட்டிப் போட்டுட்டு வேற வேலையப் பாரு."

ஐலா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஸ்பேனரை எடுத்து, அங்கேயே, காற்றில் விரல் விறைக்க, முன் பம்பரைக் கழற்றினாள். தகடு முன்னால் இருக்கும்போது பம்பர் எதற்கு? பிறகு குவாரிக்காரரிடம் ஐந்து மூட்டை மணல் வாங்கி, பின் கதவை ஒட்டி அடுக்கிக் கட்டினாள். பின் சக்கரத்துக்கும் பின்னால் பாரம் வைத்தால் முன்பக்கம் இலேசாகும் என்பது பள்ளிக்கூடத்துச் சாய்ந்தாடும் பலகையில் ஏறின எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மறுபடி மேடை ஏறினாள். இப்போது அனுமதித்த அளவுக்கு முப்பது பவுண்டு குறைவு.

"என்னையும் சேத்து" என்றாள். "கம்பளி பூட்ஸையும் சேத்து."

ரெய்னோ தலையைச் சொறிந்தான். எடைச்சீட்டை அவள் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் நடுவில் ஏரிக்காற்று திரும்பி, விடியும்போது முழங்கால் உயரப் பனி கிடந்தது. வியாழக்கிழமை, மூரியலுக்கு மருத்துவமனை நாள். ஐலா முதலில் அவள் வாசலுக்குத்தான் போனாள். தகட்டை இறக்கி, முதல் கியரில் நுழைத்தாள். பனி சுருண்டு சுருண்டு ஒதுங்கியது. இரண்டாம் தள்ளலில், பனி மூடியிருந்த சிமென்ட் விளிம்பில் தகடு முட்டியது. டமார் என்ற சத்தம். இறங்கிப் பார்த்தால் இடப்பக்கத் தாங்கியின் நான்கு போல்ட்டில் இரண்டு துண்டாகி, தகடு கோணிக்கொண்டு நின்றது. டப்பாவில் கிடந்த சாதாரண போல்ட்டைப் போட்டதுதான் தப்பு. இதற்குக் கெட்டிப்படுத்திய இரும்பு வேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது, அவளே போட்டது.

தெரு முனையில் டூவேனின் வண்டி மெதுவாக ஊர்ந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன ஐலா, முதல் நாளே பொம்மை உடைஞ்சிருச்சா?"

"ஆமா. சரி பண்ணிருவேன். நீ போ, ஹாரன் அடிச்சு மூரியலைப் பயமுறுத்தாத."

தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சப் பாதையைப் பனி வாரும் தட்டால் கையாலேயே வாரினாள். நாற்பது நிமிஷம் தாமதமாகப் போனாலும் மூரியல் போய்ச் சேர்ந்தாள். மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, ஐலா அங்கிருந்து நேரே கடைக்குப் போய்ச் சரியான போல்ட் எட்டு வாங்கினாள். சனிக்கிழமை வண்டி தயார்.

கற்றுக்கொள்ள இன்னும் இருந்தது. தகட்டை நேராகத் தூக்கிக்கொண்டு ஓட்டினால் ரேடியேட்டருக்குக் காற்று போகாமல் இன்ஜின் கொதித்தது. தகட்டைச் சாய்த்து வைத்து ஓட்டப் பழகினாள். பெரிய பனிக்காகக் காத்திருக்காமல் அரையடி விழும்போதெல்லாம் தள்ளினாள். அடுத்த பனிக்கு இடம் வேண்டும் என்று குவியலை எப்போதும் முடிந்த மட்டும் பின்னால் ஒதுக்கினாள். டிசம்பருக்குள் ஏழு வாசலும் அவளுக்கு உள்ளங்கை மாதிரி ஆகிவிட்டன.

அப்போதுதான் ஊர்மன்றத்துக்குப் புகார் போனது. பாதுகாப்பில்லாத வண்டி, காப்பீடு இல்லை, அச்சு தாங்காது என்று டூவேன் எழுதியிருந்தான். கூட்டத்தன்று தலைவர் புகாரைப் படித்து முடிப்பதற்குள் ஐலா எழுந்துவிட்டாள்.

"இது காப்பீட்டுக் காகிதம். பனி தள்றதுக்குன்னே எடுத்தது. இது எடைச்சீட்டு. இது கதவு நிலையில இருக்கிற எண்ணு, போட்டோ. கூட்டிக் கழிச்சுப் பாத்துக்குங்க. அவன் வண்டிய யாராவது எடை போட்டாங்களான்னும் கேளுங்க."

"என் வண்டியப் பத்தி இங்க பேச்சில்ல" என்று டூவேன் எகிறினான்.

"நீ வரமாட்டேன்னு எழுதின தெருவப் பத்தி நீ எதுக்குப் பேசற அப்ப?"

பின்வரிசையில் மூரியல் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். அவ வண்டிய நிறுத்தச் சொல்லிட்டா, சனிக்கிழமை காலையில என்னை யாரு தோள்ல தூக்கிட்டுப் போறது? டூவேனா, தலைவரே நீங்களா? இப்பவே சொல்லிட்டா நான் எடையக் குறைச்சுக்குவேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. புகாரில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை என்று தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. டூவேனின் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவன் வேலையை விட்டுப் போயிருந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் டூவேன் நடந்தே மேட்டுத் தெருவுக்கு வந்தான். ஏழு வாசலிலும் தார் தெரிந்தது. ஐலா வண்டியை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"கீழத் தெருவுல இருபது சின்ன வாசல் பாக்கி கெடக்கு" என்றான். "நீ எடுத்துக்க. என் ஆளா வா. வண்டிக் கதவுல எங்க கம்பெனி பலகைய மாட்டிக்க."

"வாசல் எதுன்னு சொல்லு, தள்றேன். பாவம், அவங்க என்ன பண்ணாங்க? பலகை வேண்டாம்."

"பலகை இல்லாம எப்படி? ஊர்ல என் பேரு என்ன ஆகும்?"

"அது உன் பாடு. இது என் வண்டி. கதவுல எதாவது எழுதணும்னா என் பேரை எழுதுவேன். ருவோனவாரான்னு முழுசா எழுத இடம் பத்தாது, அதான் விட்டுவெச்சிருக்கேன்."

அன்று மாலைக்குள் பதினோரு வாசலைத் தள்ளினாள். அந்த வீட்டுக்காரர்களில் ஒன்பது பேர் அடுத்த அக்டோபரில் அவளைத் தேடி வந்தார்கள். ஆறு பேருக்குச் சரி சொன்னாள், மூன்று பேருக்கு முடியாது என்றாள். முடிந்த அளவுதான் எடுப்பாள். மூரியல் அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாளும் மருத்துவமனையைத் தவறவிடவில்லை, அடுத்ததிலும் இல்லை. மூன்றாம் வருஷம் மே மாதம், பனியெல்லாம் போன பிறகு, தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் வீட்டுக்குக் குடிவந்த இளம் தம்பதியின் வாசலையும் ஐலா தள்ளினாள். ஆனால் அந்தச் சிமென்ட் விளிம்பருகே வரும்போது தகட்டை ஒரு விரல்கடை தூக்கிக்கொள்வாள்.

ஆறாம் இலையுதிர்காலத்தில் இடது முழங்காலில் அறுவை செய்து புதுமூட்டு வைத்தார்கள். டாக்டர் இளைஞர், கண்டிப்பானவர்.

"இந்த வருஷம் பனி தள்ற வேலை வேண்டாம். கிளட்ச் மிதிக்கவே கூடாது."

"கிளட்ச் மட்டும்தானே?"

"கிளட்ச்தான் முக்கியம்."

நவம்பர் முதல் வாரம் ஐலா பழைய பிக்கப்பை விற்று, கிளட்ச் இல்லாத ஒன்றை வாங்கினாள். கைத்தடியைக் கராஜ் சுவரில் சாத்திவிட்டு, தகட்டின் தாங்கியைப் பொருத்த அந்த வண்டியின் அடியில் மல்லாந்து படுத்தாள். ரெய்னோ வந்து வாசலில் நின்றான். திட்டுவதற்கு வாயைத் திறந்தவன், அவள் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, குனிந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.