அக்கா வீட்டுக் கரண்ட் அடுப்பு

எனக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது சோறு கொதிக்கிற வாசனை ஆகாமல் போயிற்று. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவிடுவேன். தாளிப்பு வாசனை வந்தாலும் அதே கதைதான். வயிற்றில் தங்கியது சேலத்திலிருந்து வரும் ரொட்டி மட்டும். இரண்டு துண்டைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டால் உடனே கண் சொக்கும். அந்த நாட்களில் நான் விழித்திருந்ததைவிடக் கண்ணயர்ந்து கிடந்ததுதான் அதிகம். அதனாலோ என்னவோ, இப்போது நினைத்தாலும் எல்லாமே அரைத்தூக்கத்தில் பார்த்ததுபோலத்தான் வருகிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவர் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். கீழ்வீட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவருக்குக் கடைவீதியில் துணிக்கடை இருந்தது. பக்ரீத்துக்கும் ரம்ஜானுக்கும் எங்களுக்கென்று தனியாக ஒரு தூக்கு மேலே வரும். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அந்த வருஷங்களில் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் இட ஒதுக்கீட்டுப் பேச்சுதான். எங்கள் ஆட்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் போனார்கள், ரயிலை மறித்தார்கள். புரட்டாசி பிறக்கிற சமயத்தில் ஒரு வாரம் முழுக்கச் சாலை மறியல் என்று முடிவாயிற்று. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சேலத்துப் பக்கமும் வண்டி இல்லை, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கமும் இல்லை. சின்னசேலத்துக்கு ரயிலும் வரவில்லை என்றார்கள்.

பஸ் ஓடாத ஊர் எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மொட்டைமாடியில் உட்கார்ந்தால் யாரோ ஊரின் மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டதுபோல இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் கிணற்று ராட்டினம் சுற்றுவது கேட்டது. மேற்கே மலை தினமும் புகைபோல மங்கலாகத் தெரியும். அந்த வாரம் தூசி அடங்கியதாலோ என்னவோ, மடிப்பு மடிப்பாகத் தெளிந்து கிட்டத்தில் வந்திருந்தது. அதற்குள் எங்கோ என் கணவர் இருக்கிறார், அவருக்கும் இறங்க வழியில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். வெயில் காலில் படும்போது விழித்து நிழலுக்கு நகர்ந்து மறுபடி தூங்குவேன்.

ரொட்டி முதல்நாளே தீர்ந்துவிட்டது. ஊரில் அப்போது ரொட்டி போடுகிற பேக்கரி கிடையாது. இரண்டு நாள் மோரையும் தண்ணீரையும் குடித்து ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா படியேறி வந்தார்.

"இன்னாம்மா, ரெண்டு நாளா உன் வூட்டு ஸ்டவ் சத்தமே காணோம்?"

சொன்னேன். அவர் என் மோவாயைத் தூக்கி முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போய், பீரோவின் மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே வட்டமான அலுமினியப் பெட்டி ஒன்று இருந்தது. முன்பக்கம் கண்ணாடி ஜன்னல், மூடியில் சிவப்புப் பிடி. கூடவே ஒரு சின்ன டப்பாவில் ஈஸ்ட், படம் போட்ட புத்தகம் ஒன்று.

"எந்தம்பி சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது. கேக்கு, பிரெட்டு எல்லாம் வருமாம். எனக்குக் கரண்டுன்னாலே பயம், பிரிக்கவே இல்ல. வித்துடலாம்னு இருக்கேன். நாலு நாள் வெச்சிப் பாரு. புடிச்சிருந்தா எடுத்துக்க, இல்லன்னா வேற எடம் பாக்கறேன்."

பெரிய பிளக் கீழ்வீட்டில்தான் இருந்தது. அதனால் அடுப்பு அங்கேயே, அரிசி மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் உட்கார்ந்தது. மைதாவும் அக்காதான் கொடுத்தார். புத்தகத்தில் இருந்த படங்களைப் பார்த்து, ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பிசைந்து வைத்தேன். டப்பா இரண்டு வருஷப் பழசு. மாவு உப்பவே இல்லை. சாயங்காலம் வோல்டேஜ் வேறு கம்மி. அடுப்பு இரண்டு மணி நேரம் சூடாகியும் உள்ளே இருந்தது வேகாமல் காய்ந்துதான் போயிருந்தது. வெளியே எடுத்துத் தட்டியபோது மரச்சத்தம் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "மொதல் தோசை கல்லுக்குன்னு சொல்லுவாங்க," என்றார்.

மறுநாள் மதியம் என் அண்ணன் சைக்கிளில் வந்தான். எங்கள் ஊர் களமருதூரிலிருந்து வயல்வரப்பிலும் வண்டிப்பாதையிலுமாக மிதித்து வந்திருக்கிறான். அம்மா என்னைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறாள். அவனும் மறியலில் இருப்பவன்தான், கையெல்லாம் புளியம்பட்டை உரசிய சிராய்ப்பு.

"இன்னாம்மா இப்பிடி எளைச்சிப் பூட்ட?"

"சோறு எறங்கலண்ணா. பிரெட்டு ஒண்ணுதான் எறங்கிச்சி. அதுவும் இப்ப வரல."

"ஏன் வரல?"

அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைத் திருப்பிச் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரி வண்டிய வுடறோம். பால் வண்டியும் வுடறோம்," என்றான். "இத யாரும் நெனைக்கல."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைச் சுமக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினான். பி.யூ.சி. முடித்தபின் எழுதிய பரீட்சைகள், போன இன்டர்வியூக்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் அவன் ஒரே மூச்சில் சொல்லிக் கேட்டேன். "எனக்கு இனிமே கெடைக்காதுன்னு தெரியும். உன் வயித்துல இருக்கறதுக்குக் கெடைக்கட்டும்," என்றான். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். அந்தக் கல் ரொட்டிதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அரிவாள்மனையில் நறுக்கி மோரில் ஊறப்போட்டு முழுவதையும் தின்றுவிட்டான். "பசிக்கி நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் போனபிறகு அக்கா வேறு யோசனை சொன்னார். ஆப்பத்துக்குச் செய்வதுபோல இளநீரில் சர்க்கரை போட்டுப் புளிக்கவிட்டு, அதில் மாவைப் பிசையலாம் என்றார். விடிந்ததும் பிசைந்து, ஈரத்துணி போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். பத்து மணிவாக்கில் துணி லேசாகத் தூக்கிக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். மாவு உள்ளிருந்து மெல்ல என் விரலைத் தள்ளியது. கை தானாக என் வயிற்றுக்குப் போயிற்று. அங்கே இன்னும் ஒன்றும் தெரியாத மாதம்தான். ஆனாலும் போயிற்று.

காலையில் வோல்டேஜ் நன்றாக இருந்தது. அடுப்பில் வைத்துவிட்டு அதன் எதிரிலேயே பாய் போட்டுப் படுத்தேன். கண்ணாடிக்குள் வெளிச்சம் எதுவும் இல்லை. அறையின் மங்கலில் ஒரு வெள்ளை மேடு மட்டும் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. கண்ணை மூடித் திறந்தால் மேடு உயர்ந்திருக்கும். அரிசி மூட்டையின் சாக்கு வாசனை, அலுமினியம் சூடாகும் வாசனை, அதற்கடியில் சன்னமாக இன்னொரு வாசனை. நடுவில் தூங்கிவிட்டேன். கல்வராயன் மலை ஈரத்துணிக்கடியில் உப்பிக்கொண்டு வருவதாகக் கனவு. அதன் மேல் என் கணவர் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், கால் ஒவ்வொரு அடிக்கும் புதைகிறது. பயமாக இல்லை. யாரோ என் தலைக்கடியில் தலையணை வைத்தார்கள். விழித்தபோது மேடு பழுப்பாகியிருந்தது. வீடு முழுக்க ரொட்டி வாசனை.

வெளியே எடுத்து ஆறவைத்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். கதவைப் பாதி சாத்தியே கடை நடக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உன் அண்ணனப் புடிச்சிட்டாங்கம்மா. நேத்து திரும்பிப் போற வழியில. நாப்பது பேருக்கு மேல. ஊருக்கு வெளிய கல்யாண மண்டபத்துல வெச்சிருக்காங்க. அடி ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க."

அக்கா ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பழைய துண்டு ஒன்றை எடுத்து ரொட்டியைச் சுற்றினேன். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடவே கிளம்பினார்.

வண்டியே இல்லாத ரோட்டில், நடுவில் நடந்து போனோம். மண்டபத்தின் இரும்புக் கதவில் முந்தின கல்யாணத்தின் வாழைமரம் கட்டியபடியே காய்ந்திருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கடையில எங்கம்மா கெடைச்சுது?" என்று கேட்டார். வீட்டில் செய்தது என்றார் அக்கா. அவர் மறுபடி ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்தார்.

அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். சட்டைப் பொத்தான் ஒன்று போயிருந்தது. ரொட்டியைக் கொடுத்தேன். "நீ சாப்புட்டியா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவன் திரும்பிப் போய்ச் சமுக்காளத்தில் உட்கார்ந்து பிட்டுப் பிட்டுக் கொடுத்தான். நாற்பது பேருக்கு ஒரு ரொட்டி. கோயில் பிரசாதம் மாதிரி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வாயில் போட்டுக்கொண்டு மென்று முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்த்திவைத்து, அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்று. நான் துண்டை எடுக்க உள்ளே போனபோது அறுத்து வைத்துக்கொண்டாராம். உட்கார்ந்து தின்றேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் தேங்காய் மணம். வயிறு அதை ஏற்றுக்கொண்டது. அடுப்பை வாங்கிவிடுவது என்று அந்த மரத்தடியில் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை என் கணவர் நடந்தே வந்துசேர்ந்தார். முந்தின நாள் மலையிறங்கி, கச்சிராயபாளையத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்துவிட்டு வந்திருக்கிறார். தோளில் ஒரு மஞ்சள் பை. பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் அம்மா எனக்கென்று கொடுத்தனுப்பிய சாமை. மசக்கைக்கு மலையில் இதைத்தான் கொடுப்பார்கள் என்று சொன்னாளாம். கால் கழுவியதும் அவரே கஞ்சி வைத்தார். நான் வழக்கம்போல மாடிக்கு ஓடத் தயாராக நின்றேன். ஓட வேண்டியிருக்கவில்லை. அதற்கு அரிசி வாசனை இல்லை, மழை பெய்த புல் மாதிரி ஒரு வாசனைதான். உப்பும் மோரும் விட்டு இரண்டு கிண்ணம் குடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நடந்து வீங்கிய அவர் பாதத்தை நான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறியல் முடிந்தது. மரங்களை அறுத்து ஒதுக்கினார்கள். அண்ணனை விட்டுவிட்டார்கள். சேலத்து ரொட்டியும் வந்துவிட்டது. இப்போது அடுப்பைப் பற்றி அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் கணவர் நிதானமாக யோசித்தார். "நம்ம போர்ஷன்ல பெரிய பிளக் இல்ல. ஈஸ்ட்டுக்குச் சேலம் போவணும். சாயங்காலத்துல வோல்டேஜ் கெடையாது. கடையிலயே ரொட்டி வந்துடுச்சி. உனக்கும் இப்ப சாமை எறங்குது. எதுக்கு?"

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி.

"அது வேகறதப் பாத்துக்கினு படுத்திருக்கணும்போல இருக்குதுங்க," என்றேன்.

"சரி, வாங்கிக்க," என்றார்.

கீழே போனேன். பின்னறையில் அக்கா பாயில் படுத்திருந்தார். எதிரில் அடுப்பு சூடாகிக்கொண்டிருந்தது. அவரே தனியாகப் பிசைந்து வைத்திருக்கிறார். பிளக்கைத் தொடுவதற்கு மட்டும் கையில் துணி சுற்றிக்கொண்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து உட்கார்ந்தார்.

"கோச்சிக்காத. இத நான் விக்கல."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் நகர்ந்து பாயில் எனக்கு இடம் விட்டார். போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவர் என் வயதில் இருக்கும்போது மூன்று முறை கரு தங்காமல் போனதை அன்றைக்குத்தான் சொன்னார். எதையோ உள்ளே வைத்து அது உப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று தனக்குத் தெரியாமலே போய்விட்டது என்றார். இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனோம். அந்த ரொட்டி ஒருபக்கம் கருகிவிட்டது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு ரொட்டி. பங்குனியில் மகள் பிறக்கும்வரை ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஒதுக்கீடு வந்தபோது அவன் வேலைக்கான வயதைத் தாண்டியிருந்தான். வயலைப் பார்த்துக்கொண்டான்.

மகளுக்கு மூன்று வயதாகும்போது என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அங்கே போர்ஷனிலேயே பெரிய பிளக் இருந்தது. நான் கேட்காமலே அவர் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கிவந்தார். நல்ல அடுப்பு. சிலமுறை ரொட்டி செய்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் எதிரில் பாய் போட்டுப் படுக்க எனக்கு நேரமில்லை. மகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, மூக்கு படுமளவுக்குக் கண்ணாடியின் பக்கத்தில் குனிந்து பார்ப்பாள். சூடு, சூடு என்று அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன்.