பையோடு ஏறிய எடை

டயாலிசிஸ் பிரிவில் எங்களுக்கு நாள் தொடங்குவது எடை மெஷினில்தான். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லை, உடம்பிலேயே தங்கிவிடும். ஒருவர் வந்ததும் எடை பார்ப்போம். அவருக்கு இருக்க வேண்டிய எடை இவ்வளவு என்று டாக்டர் எழுதி வைத்திருப்பார். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அன்றைக்கு எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதை டயாலிசிஸ் மெஷினில் பதிந்துவிட்டால் நான்கு மணி நேரத்தில் எடுத்துவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. பதினோரு வருடமாக அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை தப்பாகப் போட்டேன்.

அதற்கு முன் என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் படிப்புப் பைத்தியம். திருப்போரூர் பக்கத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் இப்போது பிளாட் போட்டுக் கல் நட்டாயிற்று. அந்தத் தெருவிலிருந்து யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறிய முதல் நர்ஸ் நான்தான். டிப்ளமோவோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. தொற்றுத் தடுப்பு, அவசர சிகிச்சை, தண்ணீர் சுத்திகரிப்பு என்று எங்கே வகுப்பு வைத்தாலும் பெயர் கொடுத்துவிடுவேன். சர்டிபிகேட்டுகளைப் போட்டு வைத்த ஃபைல் மூட முடியாமல் பிளந்துகொண்டு நிற்கும். நாவலூர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர் என் கணவர். "உனுக்கு சோத்துக்குப் பசிக்கறதே இல்ல, சர்டிபிகேட்டுக்குத்தான் பசிக்குது" என்பார்.

எங்கள் பிரிவின் பொறுப்பு நர்ஸ் ஓய்வு பெறப்போகிறார், அடுத்து நீதான் என்று பேச்சு அடிபட்டது. அதற்கு எட்டு மாத ஆன்லைன் படிப்பு ஒன்று முடித்திருக்க வேண்டும். சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களின் வசதிக்காக அந்த நேரம் என்று போட்டிருந்தார்கள். யாருடைய வசதிக்கோ தெரியவில்லை, என் ஷிப்ட் ஆறு மணிக்கே தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வகுப்பு. எனக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையும் அதுதான்.

வேலையையும் விடாமல் வகுப்பையும் விடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு காதில் இயர்போன், தலைமுடியை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொள்வது. வகுப்பில் நாம் இருக்கிறோமா என்று சோதிக்க நடுவில் திடீரென்று திரையில் ஒரு எண்ணைக் காட்டுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் அதைத் தட்டி அனுப்பாவிட்டால் ஆப்சென்ட். நான் ஒருமுறைகூட ஆப்சென்ட் ஆனதில்லை.

அந்த மாதங்களில் எப்படி இருந்தாய் என்று கேட்டால் நன்றாக இருந்தேன் என்றுதான் சொல்வேன். அழவில்லை, யார் மேலும் எரிந்து விழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் ஒன்று இருக்குமே, நம்முடையதுதான் ஆனால் நம்முடையது இல்லை என்கிற மாதிரி, அப்படி இருந்தேன். ஒன்பதாவது படிக்கும் மகள் ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்ததை வந்து சொன்னாள். "சரி, ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று கேட்டேனாம். அவள் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

திங்கள், புதன், வெள்ளி முதல் ஷிப்டில் ஆறாம் நம்பர் படுக்கை ஒருவருடையது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். சிறுநீரகம் போகும்வரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மனைவி புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். திங்கட்கிழமை மட்டும் வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த அக்காவும் கூட வருவார், ஏனென்றால் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவதால் திங்கட்கிழமை எல்லோருக்குமே உடம்பு கனத்துப்போயிருக்கும்.

திருக்கழுக்குன்றம் வழியாக வரும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அவர் தோளில் குறுக்கே ஒரு பை மாட்டியிருப்பார். உள்ளே கம்பளி, இட்லி டப்பா, மாற்றுச் சட்டை. ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வரும்போது ரொம்பக் குளிரும், ஆஸ்பத்திரிப் போர்வை அதற்குப் போதாது. பஸ்ஸில் தொலைந்துவிடும் என்று குறுக்கே மாட்டிய பையை எடை மெஷினில் ஏறும்போதும் கழற்ற மறந்துவிடுவார். மூன்று வருடமாக ஒவ்வொரு தடவையும் "பைய இறக்குங்கண்ணா" என்று நான் சொல்வேன், அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு இறக்குவார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் மெஷினில் ஏறிய நேரத்தில் என் போன் திரையில் வகுப்பின் எண் வந்துவிட்டது. ஒரு கையால் அதைத் தட்டினேன். மெஷின் காட்டியதை எட்டிப் பார்த்து இன்னொரு கையால் சார்ட்டில் எழுதினேன். ஐம்பத்தெட்டு புள்ளி நாலு. அவருக்கு இருக்க வேண்டியது ஐம்பத்து நாலு. இரண்டு எண்களையும் பிழையில்லாமல்தான் எழுதினேன்.

"இன்னாண்ணா இது, நாலரை கிட்ட ஏத்திகினு வந்துகீறீங்க? நேத்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

"குடிக்கல சிஸ்டர்."

"இல்ல சிஸ்டர், நான்தான் அளந்து குடுத்தேன்" என்றார் அந்த அக்கா. "தாகம் தாங்காம ஒரு ஐஸ் கட்டிய வாய்ல வெச்சுகினு கெடந்தாரு. அவ்ளோதான்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. மெஷின் பொய் சொல்லுமா?"

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். நாலரை லிட்டர் எடுப்பதென்றால் டாக்டரைக் கேட்க வேண்டும், அவர் எட்டு மணிக்கு மேல்தான் வருவார். நாலு லிட்டர் என்று வைத்தேன். குறைத்து வைத்ததில் எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

மூன்றாவது மணி நேரத்தில் அவர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து எனக்கும் வந்தது. கொடுத்துவைத்தவர், படுத்துக்கொண்டே கொட்டாவி விடுகிறார் என்று நினைத்தேன். ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன் கொட்டாவி வரும் என்று எனக்குத் தெரியும், புதிதாக வரும் நர்ஸுகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்னொரு கொட்டாவி. பிறகு காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். நான் போய்ச் சேர்வதற்குள் கண் சொருகிவிட்டது.

கை தன் வேலையைச் செய்தது. நீர் எடுப்பதை நிறுத்தினேன், காலை உயர்த்தினேன், சலைனைத் திறந்துவிட்டேன். அந்த அக்கா வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடமோ என்னவோ, கண் திறந்தார். டாக்டர் ஓடிவந்து ரத்த அழுத்தம் ஏன் இறங்கியது என்று கேட்டார்.

"நேத்து தண்ணி ஜாஸ்தி குடிச்சுட்டாரு சார். நாலு லிட்டர் எடுக்க வேண்டியதாப் போச்சு."

அப்போது நான் சொன்னதை நானே நம்பினேன். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

மதியம் அனுப்பும் முன் மறுபடி எடை பார்த்தேன். எடுத்த நீரைக் கழித்து, கொடுத்த சலைனைக் கூட்டினால் ஐம்பத்தைந்து புள்ளி ஒன்பது இருக்க வேண்டும். மெஷின் ஐம்பத்து நாலரை காட்டியது. இடையில் சரியாக ஒரு கிலோ நானூறு கிராம். நான் நிமிர்ந்தேன். பை அந்த அக்காவின் தோளில் தொங்கியது. கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி மெஷின்மேல் வைத்தேன். ஒன்று புள்ளி நாலு.

அந்த அக்கா அதைப் பார்க்கவில்லை, கணவரைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார். "எனுக்குத் தெரியாம குடிச்சியா? செத்துப் பூட்டிருப்பியே, சொல்லுய்யா." அவர் பார்த்தார். பையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி வா, பஸ்ஸு பூடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மெதுவாக நடந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்தது. அந்த மாதம் முழு வருகைக்கு வாழ்த்துகள் என்றிருந்தது. பார்த்தேன். சந்தோஷமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. ஒரு ஆளைக் கொல்லப் பார்த்துவிட்டு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், மனசில் ஒன்றுமே இல்லை. அது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. மறுநாளும் அப்படியே போயிற்று.

புதன்கிழமை அவர் தனியாக வந்தார். தோளில் பை இல்லை.

"பை எங்கண்ணா?"

"வூட்லயே வெச்சுட்டேன்."

"குளிருமே."

"நீ பாடம் கேட்டுகினு இருப்ப சிஸ்டர், மறந்துடுவ. பையே இல்லன்னா உனுக்கும் பேஜார் இல்ல, எனுக்கும் பேஜார் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். தலைமுடிக்குள் மறைத்திருந்த இயர்போன் எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"அக்கா இன்னா சொல்றாங்க?"

"சொம்ப ஒளிச்சு வெச்சுகீறா. மாத்திரைக்குக்கூட அவ கையாலதான் தண்ணி."

"நான் பைய எடை போட்டத நீங்க பாத்தீங்கல்ல? சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொன்னா நம்பணுமே. மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதான சொன்ன."

டயாலிசிஸ் மெஷினோடு இணைப்புக் கொடுத்தேன். அரை மணியில் நடுங்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிப் போர்வை இரண்டு போட்டும் பல் கிட்டியது. அவர் என்னைக் கூப்பிடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காதில் யாரோ வடிகட்டிகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஊசியின் மரப்பு விடும்போது முதலில் வலிதான் வரும். எனக்கு அங்கேதான் வந்தது. இயர்போனைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். அன்று எண்ணைத் தட்டவில்லை, ஆப்சென்ட்.

டாக்டர் வந்ததும் சொன்னேன். பை, போன், பொய், எல்லாவற்றையும். அவர் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எழுதிக்கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். "கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?" என்று கேட்டார். யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. "உங்கள யாரும் படிக்க வேணாம்னு சொல்லல. அதக் காதுல வெச்சுகிட்டு என் பேஷன்ட்கிட்ட நிக்காதீங்க" என்றார். பொறுப்பு நர்ஸ் வேலை அந்தத் தடவை வேறொருவருக்குப் போயிற்று. சரியான ஆளுக்குத்தான் போயிற்று என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் கேட்டுக்கொண்டார். "ரெண்டு நாளா அந்த ஆள தண்ணித் திருடன்னு திட்டிகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

படிப்பை விடவில்லை. அடுத்த பேட்ச்சில், சாயங்கால வகுப்புக்கு மாற்றிக்கொண்டேன். செவ்வாயும் வியாழனும் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காதாலும் கேட்பேன். இதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை, அந்த நாளை ஓய்வுக்கு என்று ஒதுக்கினேன். ஒதுக்கியதும் ஓய்வு வந்துவிடும் என்று நினைத்தது என் அறியாமை. முதல் ஞாயிறு பகல் பத்து மணிக்குப் படுத்தேன். கணவர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து "ஜுரமா?" என்றார். எழுந்து மடித்த துணியையே மறுபடி மடித்து வைத்தேன். மூன்றாவது ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். அலையைப் பார்த்தால் மனசு லேசாகும் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண் அயர்ந்து, திருப்போரூரைத் தாண்டிக் கேளம்பாக்கத்தில் விழித்தேன். ஏன் எழுப்பவில்லை என்று மகளைக் கேட்டேன். "வாயத் தொறந்துகினு தூங்கின. நீ அப்டி தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றாள்.

அவர் மட்டும் பையைக் கொண்டுவரவில்லை. வெறும் கையோடு வருவார், நடுங்குவார், போவார். என் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தேன். "இருக்கட்டும் சிஸ்டர்" என்று மடித்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னோடு பேசத்தான் செய்தார், மீன் விலை, வெயில் எல்லாம். எடை மெஷினில் ஏறும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு எண்ணைத் தானே குனிந்து பார்ப்பார். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. வருத்தப்பட எனக்கு உரிமையில்லை என்பதும் தெரிந்திருந்தது.

ஆறேழு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். அவர் தோளில் குறுக்கே அந்தப் பை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பையோடு மெஷினில் ஏறி நின்றார். இந்தத் தடவை குனிந்து எண்ணைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறந்துதான் ஏறினாரா, வேண்டுமென்றே ஏறினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"பைய இறக்குங்கண்ணா."

இறக்கி மனைவியிடம் கொடுத்தார். ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று ஐம்பத்தாறு புள்ளி ஒன்பதாக இறங்கி நின்றது. எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தேன், ஏனென்றால் எண் சரியாகத் தெரியவில்லை. என் கண் நிறைந்திருந்தது.

"தண்ணி அளவாத்தான்க்கா குடிச்சிருக்காரு" என்று அந்த அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.